பொருந்தினால், பொருந்தாவிட்டால்

காஸ்ட்ரோவில் மூன்றாம் நாளாக மழை.
சிலிண்டர் கம்பெனியின் மாடி அறையில்
நயரெத் பாரியா மட்டும்.
இரவு பதினொன்றரை. விடிந்தால் லாரிகள் கிளம்பும்.

விலைக்கு வாங்கிய சின்னக் கம்பெனியின்
ஒன்பதாயிரத்துச் சொச்சம் வாடிக்கையாளர்கள்
ஒரே கோப்பாக வந்து இறங்கியாயிற்று,
ஜல்லி கொட்டுவது போல, நாலே நொடியில்.
கொட்டுவதில் என்ன இருக்கிறது.

இப்போது அவர்கள்
தற்காலிக அட்டவணையில் நிற்கிறார்கள்,
ஈரக்குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல்.
உள்ளே ஏற்கெனவே ஆட்கள்.

கட்டளை எளிது.
பொருந்தினால் திருத்து.
பொருந்தாவிட்டால் சேர்.

முதல் ஒத்திகையில் ஓதிலியா மான்சியா
இரண்டு பேராகிவிட்டாள்.
ஒரு லாரி வராத நாளில் மற்றது வருமென்று
இரண்டு கம்பெனியிலும் கணக்கு வைத்திருந்தவள்.
அடையாள எண்ணின் கடைசியில்
இங்கே பெரிய கே, அங்கே சின்ன கே,
நடுவில் இரண்டு புள்ளி, ஒரு கோடு.
அது போதும்
ஒருத்தி தனக்கே அந்நியமாக.

புள்ளிகளை உதிர்த்து, கோட்டை உருவி,
கே எல்லாவற்றையும் நிமிர்த்தி வைத்தாள்.
ஓதிலியா ஒருத்தியானாள்,
கூடவே இன்னும் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்.

இரண்டாம் ஒத்திகை. பிழை பூஜ்யம்.
வெந்நீர் வைக்க எழுந்தவள்
சும்மா ஒரு வரிசையைத் திறந்து பார்த்தாள்.
குறிப்பு இருந்த கட்டம் வெறுமை.
அடுத்ததும். அதற்கடுத்ததும்.

அந்தக் கம்பெனியில் குறிப்பெழுதும் பழக்கமில்லை.
அவர்களுடைய காலிக் கட்டம் வந்து
இங்கே எழுதியிருந்ததன் மேல் உட்கார்ந்துவிட்டது.
ஒன்றுமில்லாதது ஒன்றை அழித்திருக்கிறது;
கணினிக் கணக்கில் அதுவும் திருத்தம்தான்.

காப்புப் பிரதியைத் திறந்து வாசித்தாள்.
ஓட்டுநர்கள் விட்டுப்போன சொற்கள்:
‘வீட்டெண் கிடையாது. மஞ்சள் தகரம், வாசலில் கவிழ்த்த படகு.’
‘அலை ஏறினால் பின்பக்கம் போகாதே.’
‘காது கேட்காது. ஜன்னலில் கைகாட்டு.’
‘பாக்கி சொன்னால் சிலிண்டரை இறக்கு, நான் பார்த்துக்கொள்கிறேன். எலியேசர்.’

எலியேசர் வேலையை விட்டு ஆறு வருடம்.
அந்தப் பாக்கி என்னவாயிற்றென்று
எந்த அட்டவணையிலும் இல்லை.

வெந்நீர் ஆறிப்போனது.
கட்டளைக்குள் ஒரு வரி நுழைத்தாள்:
வருவது காலியென்றால்
இருப்பதை விட்டுவிடு.

இரண்டு பத்துக்கு உறுதிசெய்தாள்.
வரிசைகள் ஓடின. மழை ஓடவில்லை.

காலை ஒன்பது மணி.
வாங்கப்பட்ட கம்பெனியின் ரிகோபெர்த்தோ,
எத்தனையோ வருடமாக ஓதிலியாவின் கதவை
முஷ்டி வலிக்க இடித்துப் பழகியவன்,
கையை ஓங்கினான்,
ஃபோனைப் பார்த்தான்,
சுற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.