இருபத்தெட்டுப் பொட்டலம்

புதுவயல், வயிரவா ரைஸ்மில் களம்.
நெல்லை ஓரமாகத் தள்ளிவிட்டு ஷாமியானா போட்டிருந்தார்கள்.
ரத்தம் எடுத்தது நான்.
நூற்றிருபது விரல்கள்.
உமித்தூசியை முதலில் துடைக்க வேண்டும்,
இல்லாவிட்டால் மெஷின் பொய் சொல்லும்.

சர்க்கரை இருந்தால் முதல் ஜன்னல்.
பிரஷர் இருந்தால் அடுத்த ஜன்னல்.
ஜன்னலுக்கு ஒரு மாத்திரை அட்டை,
ஒரு பொட்டலம் பாசிப்பயறுச் சுண்டல்.
இரண்டும் இல்லாத நாற்பத்து மூன்று பேர்
வெறுங்கையோடு வேலைக்குத் திரும்பினார்கள்.
ஆரோக்கியத்துக்குச் சுண்டல் கிடையாது.

மூன்று மணிக்கு மேனேஜர் சாத்தப்பன் வந்தார்,
காதில் பேனாவோடு.
"பொட்டலம் நூற்றைந்து போயிருக்கு.
வியாதிக்காரங்க எழுபத்தேழு பேருன்னு
நீங்கதான் எழுதியிருக்கீங்க.
பாக்கி இருபத்தெட்டை அடிச்சது யாரு?"

எல்லாக் கண்ணும் மூட்டை தூக்கும் அடைக்கலத்தின் மீது.
அவர் மடியில் இரண்டு பொட்டலம்
புடைத்துக்கொண்டு தெரிந்தது.
அவர் எதுவும் சொல்லவில்லை. மடியை மட்டும்
கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

கையுறை வந்த அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து
இரண்டு வட்டம் போட்டேன், ஒன்று மற்றதை மிதிப்பதுபோல்.
சர்க்கரை நாற்பத்தெட்டு, பிரஷர் ஐம்பத்தேழு,
கூட்டினால் நூற்றைந்து. கூட்டல் சரிதான்,
ஆனால் கூட்டலுக்கு முகம் தெரியாது.
இரண்டு வரிசையிலும் நின்றவரை
இரண்டு ஆளாகவே அது பார்க்கும்.

மேனேஜர் வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
வட்டம் அவரிடம் எடுபடவில்லை.

"சார், ஒரே ரூபாயை ரெண்டு பேரேட்டுல எழுதினா
பெட்டியில ரெண்டு ரூபாயா இருக்கும்?"

பேனா காதிலிருந்து இறங்கியது.
"ஒண்ணைக் கழிக்கணும்" என்றார் மெதுவாக.
கழித்தார். இருபத்தெட்டு பேர்,
ஆளுக்கு ஒரு தடவை.
திருடன் என்று யாரும் மிஞ்சவில்லை.

ஆனாலும் விடவில்லை மனிதர்.
"கண்ணை மூடி ஒருத்தனைக் கூப்பிட்டா
அவன் கையில ரெண்டு இருக்குமா?"
எழுபத்தேழு பேரில் கூப்பிட்டால் பதினொன்றுக்கு நான்கு.
சர்க்கரை வரிசையில் கூப்பிட்டால் பன்னிரண்டுக்கு ஏழு.
பிரஷர் வரிசை என்றால் பாதிக்குச் சற்றுக் கீழே.
ஆள் அதே ஆள், உடம்பும் அதே உடம்பு.
எந்த வரிசையில் நிறுத்திக் கேட்கிறோமோ
அதற்கேற்பச் சந்தேகம் ஏறுகிறது, இறங்குகிறது.

காரைக்குடி பஸ்ஸில் ஜன்னலோர இடம்.
கண்டனூர் தாண்டும்போது
கணக்கு மறுபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.
சர்க்கரைக்கும் பிரஷருக்கும்
ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்றால்
இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இருபத்து மூன்று பேருக்கு
இருந்திருக்க வேண்டும்.
இருந்ததோ இருபத்தெட்டு.
கூடுதலாக வந்த ஐந்து பேர் யார்?

பாய்லர் வெக்கையா, இரவு ஷிஃப்டா,
ஐந்து வேளையும் இனிப்பு டீயா,
அல்லது வெறும் தற்செயலா?
என்னிடம் இருப்பது எண். காரணம் இல்லை.
விரல் நீட்டி, இதோ இந்த ஐவர் என்று
காட்டவும் முடியாது.
இருபத்தெட்டு பேரிலும்
கொஞ்சம் கொஞ்சமாக அவர்கள் இருக்கிறார்கள்.
அடைக்கலத்திலும் ஒரு துண்டு.

கிளம்பும்போது அவர் ஓடிவந்து
ஒரு பொட்டலத்தை என் பையில் திணித்தார்.
"ரெண்டு எதுக்கும்மா, வயிறு ஒண்ணுதானே."

பஸ்ஸில் பிரித்துத் தின்றேன். உப்புக் குறைவு.
நூற்றைந்தில் ஒன்று இப்போது
எந்த வட்டத்துக்குள்ளும் இல்லாதவளிடம்.
இல்லாதவள் என்றா சொன்னேன்?
நூற்றிருபது விரலைக் குத்திய நாளில்
என் விரலை நான் குத்திப் பார்க்கவில்லை,
அவ்வளவுதான் தெரியும்.