பெங்களூரா

காவேரிப்பட்டணம் கூழ் ஆலையில்
கொதிகலனுக்குச் சூடு பார்க்கும் கம்ப்யூட்டர்,
சோலாரிஸ் எட்டு.
கெட்டுப்போனால் மாற்ற ஆளில்லை என்று யாரும் தொடுவதில்லை.
எண்டர் பொத்தானில் போன சீசன் பிசுக்கு.

கம்பைலரைக் கூப்பிட்டேன்.
பெயர் இருந்தது. வந்தது.
மொழி இங்கே நிறுவப்படவில்லை என்று
ஒரு மொழியில் சொல்லிவிட்டுப் போனது.

வெளியே பதினொரு லாரி.
தார்ப்பாய்க்குள் காய் பழுக்கப் பழுக்க
விலை இறங்கிக்கொண்டிருந்தது.

சிடியில் கொண்டுவந்த ஜிசிசியை
இடமிருந்த டிஸ்க்கில் இறக்கினேன்.
பழைய மேக்ஃபைல் அதைத் தேடுவதோ வேறு வாசலில்.
அந்த வாசலைத் திருத்தினால்
இன்னும் நாற்பது இடத்தில் திருத்த வேண்டும்,
எழுதியவர் யாரென்று ஆலையில் ஒருவருக்கும் தெரியாது.

எல்என், மைனஸ் எஸ்.
பொருளை நகர்த்தவில்லை,
அது தேடும் இடத்தில் ஒரு பெயரை நட்டேன்.

“இல்லாததை இருக்குன்னு காட்டறியாம்மா?”
ஷிப்ட் சூப்பர்வைசர் திம்மராயன்.
“லாரியில என்ன காய்ண்ணா?”
“பெங்களூரா.”
“பெங்களூர்ல காய்ச்சதா?”
“போச்சம்பள்ளி” என்றவர்
சிரிக்காமல் வெளியே போனார், எடைச்சீட்டு வாங்க.

முதல் ஓட்டம் படுத்துவிட்டது.
அவசரத்தில் இதை அதற்கும்
அதை இதற்கும் காட்டிவைத்திருக்கிறேன்,
என் போன மாத பில் மாதிரி:
முதலாளி கணக்கரைக் காட்ட,
கணக்கர் மருமகனைக் காட்ட,
மருமகன் முதலாளியை.

ஒன்றை அழித்தேன்.
பெயர்தான் போனது, பொருளுக்கு ஒரு கீறலும் இல்லை.
மூன்று நாற்பதுக்கு வால்வு திறந்தது.
முதல் லாரி ரிவர்ஸில் வந்து நின்றது.

கேட்டில் கையெழுத்துக் கேட்டார்கள்.
போன வருஷம் வந்தவன் பெயரிலேயே
பாஸ் இன்னும் ஓடுகிறது.
ஜோதிலிங்கம் என்று போட்டுவிட்டு
துப்பட்டாவை இழுத்துக் கட்டி வண்டியை எடுத்தேன்.