அறுபத்துமூன்று சதவீதம்

பதினெட்டாம் தேதி, இரவு பத்தே கால்.
முக்கியமான அப்டேட்,
சார்ஜரைக் கழற்ற வேண்டாம் என்றது.
நான் கழற்றவில்லை.
மர்ஃபி டவுன் மூலையில், மழைக்கு,
டிரான்ஸ்ஃபார்மர் ஒரு தடவை நீலமாகத் தும்மியது.
பெஸ்காம் கழற்றியது.

பேட்டரி செத்து எட்டு மாதம்.
மாற்றணும் மாற்றணும் என்றபடியே
பிறர் செலவுகளை மட்டும் எழுதிக்கொண்டிருந்தேன்.

கரன்ட் வந்தது, திரை வரவில்லை.
முன்விளிம்பில் சின்ன விளக்கு:
இரண்டு மஞ்சள், மூன்று வெள்ளை,
கொஞ்சம் மூச்சு,
இரண்டு மஞ்சள், மூன்று வெள்ளை.
மொழி தெரியாதவளுக்கு வழி சொல்கிறவர்
அதையே இன்னும் நிறுத்திச் சொல்வதுபோல.

இரண்டு பட்டனை அழுத்திப் பிடித்தபடியே
மின்சாரம் கொடுக்க வேண்டுமாம்.
கைகள் தீர்ந்துவிட்டன.
ஒரு மணிக்கு ஜெசிந்தாவை எழுப்ப மனமில்லை.
தரையில் மல்லாந்து, வயிற்றில் லேப்டாப்,
கால் பெருவிரலால் சுவிட்சைப் போட்டேன்.
பதினொரு தடவை.
பன்னிரண்டாவதில் ஃபேன் சுற்றியது.
மேலே, சீலிங்கில்.

ஒரு பேக்கரி, ஒரு பிளைவுட் கடை, ஒரு ஸ்கேன் சென்டர்.
மூன்று பேரின் மாதமும் அதற்குள்.
இருபதாம் தேதி கடைசி.

காலையில் மெஜஸ்டிக்கில் மாறி சிக்பேட்டையில் இறங்கினேன்.
எஸ்.பி. ரோட்டில் தண்ணீர் இன்னும் வடியவில்லை.
கீபோர்டுகளைக் கருவாடுபோல் தொங்கவிட்ட சந்தில்
இரண்டாம் மாடி, முதஸ்ஸிர்.
பேசாமல் பத்து திருகு கழற்றினார்.
துவரம்பருப்பு அளவு சில்லு, எட்டுக் கால்,
அதன் இடுப்பைக் கிளிப்பால் கவ்விப் பிடித்தார்.
எழுத்துகள் அவர் திரையில் ஓடின.
ஓடி, ஓரிடத்தில்,
எஃப் எஃப் எஃப் எஃப்
என்று மட்டும் ஆயின. பக்கம் பக்கமாக.

"இங்கதான் கரன்ட் போச்சு, மேடம். இதுக்குக் கீழே காலி."
"காலின்னா பூஜ்யம்தானே?"
"இல்லைங்க. அழிச்சா எல்லாம் ஒண்ணு ஆயிடும்.
பூஜ்யம் இருந்தா, அது யாரோ எழுதினது."

பதினான்கு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன்.
வியாபாரம் இல்லாத மாதத்திற்கு
கட்டம் கட்டமாகப் பூஜ்யம் போட்டு அனுப்பியிருக்கிறேன்.
ஒன்றும் எழுதாத மாதிரிதான் இருந்தது எனக்கு.

லேப்டாப் சீரியல் நம்பர் கேட்டார்.
அடியில் ஒட்டியதை என் தொடைகள் தேய்த்துவிட்டன.
பில்?
பேக்கரியின் ஈஸ்ட் பில் கேட்டால் நாள் தேதியோடு தருவேன்.
சொந்த பில்லை எங்கே வைத்தேனோ.
அவரே தேடினார், எரியாமல் மிஞ்சிய பாதியில்.
குப்பை எழுத்துகளுக்கு நடுவே ஏழு எழுத்து ஒழுங்காக நின்றது.
"இதோ, பேரு போகலை."

எழுதினார். எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிட்டார்.
அந்தப் பழக்கம் பிடித்திருந்தது.
பட்டனை அழுத்தியதும் விசிறி மட்டும்.
இருட்டு.
டீ சொல்லலாமா என்றார்.
டீ வந்து, ஏடு கட்டி,
நான் அந்த ஏட்டையே பார்த்துக்கொண்டிருந்தபோது
அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

தேதி: ஜனவரி ஒன்று, இரண்டாயிரத்துப் பத்தொன்பது.
வரித் தளத்தைத் திறந்தால் நம்ப மறுத்தது:
அதன் சான்றிதழ் இன்னும் பிறக்கவில்லையாம்.
பேக்கரி பிறக்கவில்லை, ஸ்கேன் சென்டர் பிறக்கவில்லை.
பிளைவுட்காரர் மட்டும் எங்கோ பழைய கடையில்
பழைய ஆடிட்டரிடம் பொய் சொல்லிக்கொண்டிருப்பார்.
நான் யாருக்கும் ஒன்றும் தாக்கல் செய்ய வேண்டியதில்லை.
மூன்று வாய் டீ குடித்தேன் அந்தத் தேதியில்.

முதஸ்ஸிர் கை நீட்டி
வருஷத்தை டக் டக்கென்று ஏற்றினார்.
"ஆயிரத்து எண்ணூறு. பில் வேணும்னா
பதினெட்டு பர்சன்ட் சேரும்."

முந்நூற்று இருபத்துநாலு,
அவர் கால்குலேட்டரைத் தேடும் முன்பே எனக்குத் தெரிந்தது.

வேண்டாம் என்றேன்.