படிவத்தில் இல்லாத சேவல்

சோலாடிச் சாவடியில்
லாரிச் சக்கரங்களுக்கு மருந்துத் தண்ணீர் அடிக்கிறார்கள்.
தீவன மூட்டை, முட்டை அட்டை, காலிக் கூண்டு,
எது வந்தாலும் நனைந்துதான் நீலகிரிக்குள் வர வேண்டும்.
கம்பியில் உட்கார்ந்து கால் மாற்றிக்கொண்ட
அண்டங்காக்கை ஒன்று
நனையாமல் மாநிலம் தாண்டுகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம் வாத்துகள் சாவதாகச்
சேதி வந்து ஒன்பது நாள்.
காட்டோரக் கோழிகளின் காய்ச்சல் என்பது
என் ஆய்வின் தலைப்பு.
தலைப்பில் இருக்கும் கம்பீரம்
வேலையில் இல்லை.
கோழிக்கு இரண்டு குச்சி.
ஒன்று தொண்டைக்கு, ஒன்று பின்வாய்க்கு.
நுனியை இளஞ்சிவப்புத் திரவத்துக்குள் முறித்துப் போட்டு
மூடி திருகி எண் எழுதுவேன்.
கவச உடைக்குள் என் வியர்வை எனக்கே மழை.
கண்ணாடியில் ஆவி ஏறி
சேரம்பாடியின் கோழிகள் எல்லாம்
மூடுபனி நிறம்.

பிடித்தவர்களுக்குத் தெரியும்,
கோழியின் நெஞ்சு
உள்ளங்கைக்குள் ஓடுகிற தையல் மெஷின்.

டேன்டீ லைன், நாலாவது வீடு, செபமாலை.
பதினொரு கோழி பிடித்துக் கொடுத்தாள், சலிக்காமல்.
பன்னிரண்டாவது
பலாமரத்தில் இருந்தது.
"அது கூட்டுக்கு வராது மேடம்.
அதோட அப்பன் அங்கே"
என்று உண்ணிச்செடிப் புதரைக் காட்டினாள்.
விடியலில் சதுப்பு கடந்து வருமாம் காட்டுச்சேவல்.
அரிசி தின்னுமாம்.
அரிசி மட்டுமா என்று சிரித்தாள்.
மகனின் கழுத்து இறகுகளில்
உருகிய மெழுகு சொட்டியிருந்தது;
வால் மட்டும் சந்தைச் சேவலின் செம்பு.

இருட்டினால்தான் அகப்படும் என்றாள்.
இருட்டினால் யானை வரும் என்றார் அசைனார்,
ஜீப்பின் சாவியைச் சட்டைப் பையில் போட்டு
அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு.
நடந்தே போனோம், நானும் செபமாலையும்,
டார்ச்சின் வாயைத் துணியால் கட்டி.

ஏணி. பலாப்பிசின். ஒரு காய் என் தோளில் உரசியது.
கையில் வந்தபோது அது கத்தவில்லை.
இதன் நெஞ்சில் மெஷின் இல்லை.
நின்று
நின்று
ஓடியது,
யாரோ வருகிற சத்தத்துக்குக்
காது கொடுத்தபடி நடப்பவன் மாதிரி.

படிவத்தில் இரண்டு கட்டம்.
வளர்ப்புப் பறவை. காட்டுப் பறவை.
இரண்டிலும் குறியிட்டு அனுப்பினேன்.
மூன்றாம் நாள் ஆய்வகத்திலிருந்து போன்.
"ஒன்றுதான் போட முடியும், கணினி ஏற்கவில்லை."
யார் தீனி போடுவது?
செபமாலை.
இரவு எங்கே?
மரத்தில்.
மறுமுனையில் யாரோ டீ உறிஞ்சினார்கள்.
"வளர்ப்பு என்றே போடுங்கள்.
காடு என்றால்
வனத்துறை அனுமதிக் கடிதம் வேண்டும்."
அப்படித்தான் ஒரு சேவல்
ஊருக்குள் குடியேறியது.

தெர்மோகோல் பெட்டி கோவை போய், விமானம் ஏறி,
போபால் போய்,
ஏழாம் நாள் முடிவு வந்தது.
அறுபத்திரண்டு மாதிரி. வைரஸ் கண்டறியப்படவில்லை.
'இல்லை' என்று அவர்கள் எழுதுவதில்லை.
நானும் எழுத மாட்டேன்.

காகிதத்தோடு போனபோது
செபமாலையின் கூடு திறந்து கிடந்தது.
ஐம்பது ரூபாய்க்கு ஒன்று என்று
வியாபாரி அள்ளிப் போயிருந்தான், முந்தாநாளே.
டிவியில் குழி வெட்டுவதைக் காட்டினார்களாம்.
பயந்துபோய் முட்டைகளையும்
மிளகுக்கொடி அடியில் புதைத்திருந்தாள்.
காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.
"இதிலே எது மேடம் அது?"
நாற்பத்தேழாம் எண்ணில் விரல் வைத்தேன்.

கூட்டுக்குப் பின்னால், ஓடைக் கல்லில்,
இமயம் தாண்டி வந்த சாம்பல் வாலாட்டி
வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.
அதற்கு எண் இல்லை.
பலாவில் அது மட்டும் மிச்சம்,
பகலில் யாராலும் பிடிக்க முடியாதது.

செபமாலை காகிதத்தை மடித்து
அரிசி டப்பாவுக்குள் வைத்தாள்.
வைத்த கை ஒரு பிடி அரிசியோடு வெளியே வந்தது.
வாசலைத் தாண்டி,
புதர்வரை போகாமல்,
நடுவில் நின்று இறைத்தாள்.