பன்னிரண்டாவது இடம்

முப்பத்தொரு வருடம் உட்துறைமுகத்தில்
கடல் எவ்வளவு ஏறியது, எவ்வளவு இறங்கியது என்று எழுதினேன்.
திருகோணமலையில் அது பெரிய வேலையில்லை.
ஒரு முழம் ஏறும், ஒரு முழம் வடியும்,
பார்க்கிறவனுக்குக் கடல் சும்மா கிடக்கும்.
அது சும்மா கிடப்பதில்லை என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஆகையால் மஹரகமவில் டொக்டர் திரையைத் திருப்பி
"ஈரலில் உள்ளது நாற்பத்தொரு மில்லிமீற்றர்" என்றபோது
என் கை சட்டைப்பையில் பேனையைத் தேடியது.

சதையியில் தொடங்கியதாம்.
வெட்டி எடுக்கிற காலம் போய்விட்டதாம்.
என்னில் ஒரு துணுக்கு சிங்கப்பூருக்குப் பறந்து
ஒரு சொல்லோடு திரும்பி வந்தது: விகாரம்.
கண்ணாடியில் பார்த்தேன்.
அவ்வளவு விகாரமாக ஒன்றும் இல்லை.
"அது இல்லையப்பா," என்றாள் மகள்,
"பன்னிரண்டாவது இடத்தில ஒரு எழுத்துப் பிழை."

அந்தப் பிழைக்கென்றே ஒரு குளிசை வந்திருக்கிறது.
இன்னும் பெயர் வைக்கவில்லை, இலக்கம் மட்டும்.
கேட்குமா என்று பார்க்கிறார்கள்.
இருபத்திரண்டு பக்கம் வாசித்துக் கையெழுத்து வைத்தேன்.
'பங்குபற்றுநர் எந்நேரமும் விலகிக்கொள்ளலாம்.'
இதை மட்டும் இரண்டு தரம் வாசித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீற்றில்
கிண்ணியா இஸ்ஸதீன்,
படகு எஞ்சின் பிரித்துப் பூட்டுகிறவர்.
அவருக்கும் சதையி. அவருக்கும் பன்னிரண்டாவது இடம்.
எனக்கு 'டி'. அவருக்கு 'ஆர்'.
குளிசைக்கு 'டி' மட்டுந்தான் தெரியும்.
ஹபரணையில் தேத்தண்ணிக்கு அவர்தான் காசு கொடுத்தார்.
"வேற சைஸ் நட்டு," என்றார்,
"ஒங்கட ஸ்பானர் இதுல புடிக்காது."
கந்தளாய் வரை இருவரும் பேசவில்லை.

காலை ஆறு மணி, வெறும் வயிறு, மூன்று குளிசை.
நேரம் எழுதுகிறேன். வாந்தி எத்தனை தரம்,
வயிற்றோட்டம் எத்தனை தரம், எழுதுகிறேன்.
முகமெல்லாம் பரு, பதினேழு வயதில் வந்ததைப் போல
என்று எழுதியதற்கு, ஒருங்கிணைப்பாளர் ஹசந்தி
போனில் சிரித்தாள்:
"அங்கிள், முதலாம் நிலை என்று போட்டால் போதும்."

வெறும் பெட்டிகளையும் திருப்பிக் கொடுக்க வேண்டும்.
எண்ணிப் பார்ப்பார்கள்.
டொக்யார்ட் வீதியில் ஒரு புள்ளிமான்
பையிலிருந்து பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடியது.
அறுபத்தாறு வயது, ஈரலில் இரண்டு கட்டி,
சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான்
மானுக்குப் பின்னால்.
மூலையைத் தின்றுவிட்டுத்தான் தந்தது.
அதையும் எழுதினேன்:
பங்குபற்றாத ஒருவர் மட்டையை உண்டார்.

எட்டாவது கிழமை முப்பத்துமூன்று.
பதினாறாவது கிழமை இருபத்தெட்டு.
ஒவ்வொரு தரமும் பஸ்ஸால் இறங்கமுன் போன் வரும்.
"எத்தின?"
சொல்வேன்.
"அல்ஹம்துலில்லாஹ்" என்பார்,
தன்னுடையது வற்றியதைப் போல.
அவருடையதை நான் கேட்டதில்லை.
கேட்காததை எந்த நிரலில் எழுதுவது?

இருபத்துநான்காவது கிழமையும் இருபத்தெட்டு.
'நிலையாக உள்ளது' என்கிறது அறிக்கை.
வீட்டில் பாயாசம் காய்ச்சினார்கள்.
நான் குடித்தேன். ஆனால்
வற்று முடிந்து பெருக்கு தொடங்குமுன்
நீர் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும்.
அந்த நேரத்தில் கோலைப் பார்த்து
கடல் அடங்கிவிட்டது என்று எழுதினால்
வேலையால் நிற்பாட்டியிருப்பார்கள்.

இந்த முறை போன் வரவில்லை.
இருட்டும்வரை பார்த்துவிட்டு நானே எடுத்தேன்.
மகன்தான் பேசினான்.
"வாப்பா பட்டறையில. எஞ்சினொண்ட கழட்டிப் போட்டிருக்காரு,
கையெல்லாம் எண்ணெய்."
பின்னாலிருந்து, முன்னைவிட மெலிந்து, அந்தக் குரல்:
"எத்தினயாம்?"

இருபத்தெட்டு என்றேன்.
பிறகு, முதல் தடவையாக,
"உங்களுக்கு?"

சீமெந்துத் தரையில்
ஒரு ஸ்பானர் விழுகிற சத்தம் கேட்டது.