மூன்று நாள் பொறுத்திருந்தால்

மொஹாச் நகரில், தன்யூப் கரையோரம்,
மீன்பிடிச் சங்கத்தின் பின்னறையில்
ஆகஸ்ட் கடைசி வாரம் அந்த மேசையை விரிப்போம்.
பச்சைக் கம்பளிதான் சமவெளி.
நீல நூல் ஒன்று செலெ ஓடை.
சூரியகாந்தி விதைகள் எங்கள் குதிரைப்படை.
ஒயின் தக்கைகள் சுல்தானின் பீரங்கிகள்;
தக்கைக்கு மட்டும் எங்களிடம் என்றுமே பஞ்சமில்லை.

சீட்டுக் குலுக்கியதில் இந்த வருடமும் துருக்கி எனக்கு.
என் குடும்பப் பெயர் தொரொக். துருக்கன் என்று பொருள்.
"கூடவே பிறந்தது, எங்கே போகும்" என்றான்
அரசனின் படையை எடுத்துக்கொண்ட லோரின்ஸ் ஷேஃபர்.
விதி இதுதான்:
ஆட்டத்துக்கு ஒரே ஒரு முடிவை மாற்றலாம்.

நடந்தது எங்களுக்கு மனப்பாடம்.
குரோவாசியப் படை வந்து சேரவில்லை,
டிரான்சில்வேனியப் படை எங்கோ வழியில்,
பிரபுக்களுக்குப் பொறுமையில்லை.
பிற்பகலில் பாய்ந்தார்கள்.
ஒரு ரொட்டி வெந்து ஆறும் நேரத்தில்
ஒரு நாடு முடிந்தது.
தப்பியோடிய இருபது வயது அரசன்
ஓடையில் மூழ்கிச் செத்தான், கவசத்தோடு.
இன்றைக்கும் இங்கே பணப்பை தொலைந்தால்
"மொஹாசில் இதைவிட அதிகம் போச்சு" என்பார்கள்.

லோரின்ஸ் மூன்று நாள் பொறுத்தான்.
அவ்வளவே. விதைக்குவியல் இரட்டித்தது.
தக்கைகளைச் சங்கிலியிட்டு நிறுத்தியும்
எட்டாம் முறை பகடை உருண்டபோது
என் இடப்பக்கம் சரிந்தது.
பதினோரு வருடத்தில் முதல் தடவையாக
மொஹாசில் ஹங்கேரி வென்றது.

கூச்சல். பாலிங்கா. ஒருவன் அழுதேவிட்டான்.
அடுப்பில் மீன்குழம்பு
மிளகாய்ச் சிவப்பில் தளதளவென்று.

எதெல்கா நீர்மட்ட அலுவலகத்தில் வேலை செய்பவள்.
கரண்டியை நிறுத்திக் கேட்டாள்:
"இந்தச் சிவப்பு யார் கொண்டுவந்தது?"
துருக்கர்கள்.
"அப்போ இது இல்லை."
சட்டியை மூடினாள்.

"லோரின்ஸ், உல்மிலிருந்து உன் ஆட்கள்
எதற்குப் படகேறினார்கள்?"
"காலியாய்க் கிடந்த நிலத்துக்கு."
"இப்போ அது காலியில்லை. நீ வரவில்லை."
அவன் சிரித்தபடி எழுந்து
கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்றான்.
ஸ்டிபானின் ஆட்கள் போஸ்னியாவிலிருந்து ஓடிவந்தவர்கள்.
ஓட வேண்டியதில்லை என்றதும்
அவனும் நாற்காலியை விட்டான்.
நான் கேட்கவே இல்லை. பெயர் போதும்.
எதெல்கா தன் விரல்களை எண்ணிப் பார்த்து,
கடைசியில் அவளும் எழுந்தாள்.

மேசையில் வெற்றி மட்டும் இருந்தது.
எண்ணிப் பார்க்க ஆளில்லாத விதைகள்.

"அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா,
குழம்பு ஆறுது" என்று லோரின்ஸ் திரும்பி வந்து
மூடியைத் திறந்தான். சாப்பிட்டோம்.
தோற்றதால் பிறந்தவர்கள் என்று
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சொல்லப்போனால்.

அப்போதுதான் ஸ்டிபான்,
முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு:
"போன அக்டோபரில் உழும்போது
ஒரு தாடை மேலே வந்தது.
பல் எல்லாம் முழுசாக. ஒன்றுகூடத் தேயவில்லை.
டிராக்டரை நிறுத்திவிட்டு
ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்."

யாரும் எதுவும் கேட்கவில்லை.
அவனுக்கு நாங்கள் எதற்கு?
குழம்பு சிவப்பானால் என்ன, வெளுப்பானால் என்ன?
மூன்று நாள் அவனுக்கு மூன்று நாள்.

"மழை" என்றாள் எதெல்கா, பாத்திரம் கழுவும்போது.
"அன்று சாயங்காலம் அப்படிக் கொட்டாமல் இருந்திருந்தால்
அந்த ஓடையில் ஒரு கன்றுக்குட்டிகூட முங்காது."
அடுத்த வருடம் அவள் ஆடுவாளாம்.
படையைத் தொடமாட்டாள்.
மழையை மட்டும் எடுத்துவிடுவாள்.

எல்லோரும் போன பிறகு
கம்பளியை உதறினேன். விதைகளைப் புறாவுக்கு வைத்தேன்.
நீல நூலை விரலில் சுற்றும்போது
ஈரமாய் இருந்தது.

பாலிங்கா சிந்தியிருக்கும்.