தோல்

பதுளைக் கடைவீதியில் என் ரெக்கோட் பார்
எரிந்த நாற்றம்
மூன்று மைல் ஏறி ஸ்டோர் மாடிக்கே வந்துவிட்டது.
இரண்டாயிரம் கசெட்.
உருகும்போது எல்லாப் பாட்டுக்கும் ஒரே வாசனைதான்.

சட்டைப்பையில் ஒன்று மிஞ்சியிருந்தது.
இன்னும் எதுவும் பதியாதது.

கொழுந்து வாட்டும் மாடியில் அறுபத்தொரு பேர்.
படங்குகளில் வெள்ளிக்கிழமைக் கொழுந்து
அரைப்பாரற்றுப் புளித்துக்கொண்டிருந்தது.
நெருப்பு கூடாது. பேச்சு கூடாது.
இருமல் வந்தால் கம்பளியைக் கடி.
கீழே ஹீன்பண்டா சாவிக்கொத்தோடு நடப்பான்.
இரண்டு குலுக்கல் என்றால் பாதையில் யாருமில்லை.
குலுக்கலே இல்லையென்றால்
மூச்சையும் எண்ணித்தான் விட வேண்டும்.

சனமெல்லாம் துணிமூட்டையோடு ஓடி வந்தபோது
சீரங்கன் தப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திருந்தான்.
"விட்டுட்டு வந்தா, பெரட்டுக்கு எத அடிக்கிறது?"
என்னமோ விடிந்தால் பெரட்டு இருப்பதுபோல.
பனியில் தோல் தொய்ந்து கிடந்தது.
காய்ச்சத் தீ இல்லை.

மூன்றாம் ராத்திரி லொறி வந்து
கேட்டடியில் நின்றது, போத்தலும் சிரிப்புமாய்.
பக்கப் பலகையில் தட்டித் தட்டிப் பாடினார்கள்.
நல்ல தாளம். பிசகாத தாளம்.
இருபது வருஷம் பாட்டு விற்ற காது
வெட்கம்கெட்டு அதை எண்ணியது.

அப்போது ராக்காயியின் நாலு மாதப் பிள்ளை
முனகத் தொடங்கிற்று.
அவள் கை அதன் வாய்க்குப் போனது.
பிறகு மூக்குக்கும்.

சீரங்கன் எட்டி அந்தக் கையை எடுத்தான்.
பிள்ளையின் முதுகில் இரண்டு விரலால் தட்டினான்.
சத்தமில்லை, சத்தத்தின் எடை மட்டும்.
ஒரு விக்கல். அப்புறம் தூக்கம்.
அவன் நிறுத்தவில்லை.
மறு கை என் முதுகுக்கு வந்தது.

தப்படிக்கிற கை எங்கள் வீட்டுப் படி தாண்டியதில்லை.
தாண்ட விட்டதில்லை, நான்தான்.
கடையிலும் மீதிக்காசை
மேசைமேல் வைத்துத்தான் தள்ளியிருக்கிறேன்.

முதுகு முதலில் சுருங்கியது.
அவன் சுருங்கியதைப் பொருட்படுத்தவில்லை,
அல்லது பழகியிருந்தான்.
மூன்று விரல், ஓர் உள்ளங்கை, ஓர் இடைவெளி.
அந்த இடைவெளியில்தான் என் பயம் தடுக்கி விழுந்தது.

முன்னாலிருந்த பையன் நடுங்கிக்கொண்டிருந்தான்.
கை தானாய்ப் போய் அவன் முதுகில் தட்டிற்று.
அவன் இன்னொருவர் முதுகில்.
சுவரோரம் வரைக்கும் அது போனது, இருட்டில்,
காய்ச்சாமலே விறைத்த ஒரே தோலாய் நாங்கள்.

என் பையிலிருந்த கசெட் மட்டும்
அதிர்வுக்கு லேசாய்க் கடகடத்தது.
பயந்துபோய் எடுத்து
புளித்த கொழுந்துக்குள் புதைத்தேன்.

லொறி எப்போது போனதென்று தெரியாது.
சாவி இரண்டு முறை குலுங்கிற்று.
ஒருவரும் கையை எடுக்கவில்லை.

ஏழாம் நாள் ஊரடங்கைத் தளர்த்தினார்கள்.
சாம்பல் பார்க்கக் கீழே இறங்கினேன்.
பீலியடியில் முகம் கழுவும்போது
மேலே பெரட்டுத் தப்பு கேட்டது,
நன்றாய்க் காய்ந்த தோல், கணீரென்று.

நின்று கேட்டேன்.
யாரோ ஊர்பேர் தெரியாதவன் அடிப்பதுபோலிருந்தது.
என் முதுகுக்குத் தெரிந்தது
அதுவல்ல.